ஆபத்து சிக்னலுக்குள் ஓர் எண்: கால்குலேட்டரில் படித்துப் பார்க்கலாம்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டூரிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பையனுக்காக இப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கினோம். கடலுக்குப் போகும் என் மச்சான் படகில், ஆபத்து வந்தால் அழுத்த ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். அழுத்தினால் அது அவர் படகுதான் என்று எப்படித் தெரியும்? விமானத்திலும் இதுதானா?"

நல்ல கேள்வி. பதிலுக்கு உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரே போதும். முதலில் விமானத்தைப் பார்த்துவிடுவோம்.

விமானம் விழுந்தால் அதில் உள்ள ஆபத்து சிக்னல் கருவி தானாகவே இயங்கத் தொடங்கும். பழைய கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸில் சைரன் போன்ற ஓர் ஓசையை மட்டும் அனுப்பின. எந்த விமானம், யாருடையது என்ற தகவல் எதுவும் அதில் இல்லை. அமெரிக்காவில் 1941-ல் தொடங்கிய சிவில் ஏர் பேட்ரோல் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள், சிறிய விமானங்களில் திசை காட்டும் ரேடியோவை வைத்துக்கொண்டு இந்த ஓசையைத் தேடிப் பறப்பார்கள். பெரும்பாலும் அது பொய் எச்சரிக்கையாகவே இருக்கும். தேடிப் போனால், விமான நிலையத்தில் பத்திரமாக நிற்கும் விமானத்தில் கருவி தவறுதலாக ஆன் ஆகியிருக்கும்! 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக் கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை நிறுத்திவிட்டன.

இப்போது 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகள். சுமார் 50 நொடிக்கு ஒரு முறை, அரை நொடி நேரம், நொடிக்கு 400 பிட் வேகத்தில் தகவல் போகும். பழைய டயல்-அப் மோடமே 56,000 பிட் வரை இறக்கித் தந்தது. ஆனால் இந்த அரை நொடிக்குள் 15 இலக்க அடையாள எண் ஒன்று அடங்கிவிடுகிறது. இது ஹெக்ஸாடெசிமல் எண். அதாவது 0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை என மொத்தம் 16 குறிகள். ஒவ்வொரு குறிக்கும் 4 பிட். ஆக 60 பிட்.

விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்திடுங்கள். இடது மேல் மூலையில் மூன்று கோடுகள் இருக்கும். அதில் கிளிக் செய்து 'புரோகிராமர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 419 என டைப் செய்யுங்கள். இது இந்தியாவின் எண். நம் நாட்டுக் கப்பல்களின் ரேடியோ அடையாள எண்ணும் இதில்தான் தொடங்கும். 'பின்' என்ற வரியில் 0001 1010 0011 என்று தெரியும். நாட்டின் எண்ணுக்கு 10 பிட் இடம். எனவே முன்னால் உள்ள இரண்டு பூஜ்யங்களை விட்டால் 0110100011.

அடையாள எண்ணின் முதல் பிட், தகவல் எந்தக் குறியீட்டு முறையில் எழுதப்பட்டது என்பதைச் சொல்வது. அது 1 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நாட்டின் 10 பிட். பன்னிரண்டாவது பிட் 0 என்று வைத்து, 'பின்' மீது கிளிக் செய்து, பழைய எண்ணை அழித்துவிட்டு 101101000110 என டைப் செய்யுங்கள். 'ஹெக்ஸ்' வரியில் பி46 என வரும். கடைசி பிட்டை 1 ஆக்கினால் பி47. முதல் பிட் 0 என்றால் 346 அல்லது 347. இப்படித் தொடங்கும் எண் வந்தால் கருவி இந்தியாவுடையது!

சிக்னலைச் செயற்கைக் கோள் பிடித்துத் தரைக்கு அனுப்பும். இந்தியாவில் பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம் எண்ணைப் பிரித்துப் பார்க்கும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. எண்ணுக்கு உரியவரின் பெயரும் போன் நம்பரும் பதிவேட்டில் இருந்தால் ஒரு போன் செய்து, உண்மையா தவறுதலா என்று அறியலாம். பதிவு செய்யாவிட்டால் நாட்டைத் தவிர அதிகம் தெரியாது.

மச்சான் படகில் இருப்பது இஸ்ரோ மீனவர்களுக்காக உருவாக்கி, 2010 முதல் பயன்படும் 'டாட்' கருவியாக இருக்கலாம். இதன் அலைவரிசை வேறு. ஆனால் சிக்னல் போய்ச் சேருவது அதே பெங்களூர் மையத்துக்கு. படகின் அடையாளமும் இருப்பிடமும் அங்கிருந்து கடலோரக் காவல் படைக்குப் போகும். 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்கே திரும்ப வரும். புளூடூத் வழியாக மொபைலில் தாய்மொழியில் படிக்கலாம். நடுக்கடலில் தவிப்பவருக்கு அந்தப் பதில் எவ்வளவு தைரியம் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு குறை உண்டு. ரேடியோ அலை கடல்நீருக்குள் போகாது. கருவி மூழ்கிவிட்டால் செயற்கைக் கோளுக்குக் கேட்காது. 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து மூன்று பேருடன் கிளம்பிய கடலோரக் காவல் படையின் டோர்னியர் காணாமல் போனது. நீருக்கடியில் ஒலி எழுப்பும் வேறொரு கருவியின் சத்தத்தை நீர்மூழ்கிக் கப்பல் பிடித்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் விமானத்தின் பாகங்கள் கிடைத்தன. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேர் கிளம்பிய ஏஎன்-32 விமானத்தின் சிதைவுகளோ, 3,400 மீட்டர் ஆழத்தில் தென்பட்டதாக 2024-ல்தான் அறிவிக்கப்பட்டது.

எனவே காட்டூர் வாசகரே, படகு மூழ்கும்வரை காத்திருக்காமல் முன்பே அழுத்தச் சொல்லுங்கள். சோதனைக்காக ஒருபோதும் அழுத்தக் கூடாது. படகு கைமாறியிருந்தாலோ போன் நம்பர் மாறியிருந்தாலோ, மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லிப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். கரையில் இருப்பவர்கள் கடலோரக் காவல் படையை அழைக்க 1554. மச்சான் மொபைலிலும் உங்கள் மொபைலிலும் இன்றே பதிந்து வையுங்கள்.