முதல் தண்ணீருக்கு அவசரம் வேண்டாம்

கலிபோர்னியாவில் ஸ்டாக்டனுக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் வால்நட் தோப்பு. பாரடாக்ஸ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய சாண்ட்லர் மரங்கள். இங்கே மழை குளிர்காலத்தோடு முடிந்துவிடும். கோடை முழுக்கப் பாசனம்தான். நெல் வயலோரம் வளர்ந்தவன் நான். ஏப்ரலில் தளிரைக் கண்டதும் மடையைத் திறக்கத்தான் கை போனது. வாரம் தவறாமல் பாய்ச்சினேன்.

ஜூனில் இலைகள் மஞ்சளாயின. தாகம் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். பெரிய பிழை அது. ஒருநாள் மண் துளைப்பானை இறக்கிப் பார்த்தேன். மூன்றடி ஆழத்து மண் சேறாக வந்தது, நாற்றத்தோடு. சிறு வேர்கள் கறுத்திருந்தன. இழுத்தால் தோல் கழன்றது. தாழ்வான மூலையில் ஏழு மரங்கள் போயின. நீர் நிறைந்த மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. பைட்டாப்தோரா என்ற கிருமியால் வரும் வேர் அழுகலுக்கு அதுவே வசதி. வேர் அழுகிய மரமும் தாகத்தில் வாடும் மரமும் மேலே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதன்பின் நான் கடைப்பிடிப்பவை இவை.

1. மரத்தைக் கேளுங்கள். அழுத்தக் கலம் என்று ஒரு கருவி உண்டு. பிற்பகலில், தண்டை ஒட்டிய நிழல் இலையின் நுனிச் சிற்றிலையை மரத்திலேயே வைத்து வெள்ளித்தாள் பையால் மூடி, பத்து நிமிடமாவது விட வேண்டும். பிறகு பறித்து, காம்பு வெளியே தெரியக் கலத்தில் வைத்து, நைட்ரஜன் வாயுவை ஏற்றினால், வெட்டிய காம்பில் நீர் துளிர்க்கும். அந்த நொடியின் அழுத்தமே மரத்தின் தாகம். ஈரத்துக்குக் குறைவில்லாத மரம் அன்றைய வெயிலுக்கு எவ்வளவு காட்டும் என்பதற்கு அட்டவணை உண்டு. அதைவிட 2 முதல் 3 பார் கூடுதலாக வறண்ட பிறகே முதல் தண்ணீர் விடுகிறேன். கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெட் பிளஃப் அருகே பல வருடம் சோதித்துச் சொன்ன முறை இது. கருவி இல்லாவிட்டால் மண் துளைப்பானாவது வேண்டும். மேல்மண் காய்ந்திருப்பதை நம்பாதீர்கள்.

2. புதுக்கன்றுக்குக் கணக்கு வேறு. முதல் கோடையில் அதன் வேர் நட்ட குழியைத் தாண்டியிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக, வேரருகே, அடிக்கடி விடுங்கள்.

3. தெளிப்பான் நீர் அடிமரத்தில் படக் கூடாது. கழுத்து அழுகல் அங்கேதான் தொடங்கும்.

4. பருப்பு நிறையும் ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் குறைய விடாதீர்கள்; பருப்பு சுருங்கும், நிறம் கறுக்கும். அறுவடைக்கு மரத்தை உலுக்கும் இயந்திரம் வரும்போது மட்டும் தரை காய்ந்திருக்க வேண்டும்.

5. இளமரங்களுக்குச் செப்டம்பரில் நீரைக் குறைத்தால் வளர்ச்சி நின்று நுனிமொட்டு முற்றும். அதன்பின், உறைபனிக்கு முன் மண்ணை நனைத்துவிடுங்கள். வறண்ட மண்ணில் நிற்கும் கன்றைத்தான் பனி அதிகம் கொல்கிறது.

செத்த மரங்கள் நின்ற மூலையில் மண்ணை மேடாக அணைத்து மறுபடி நட்டோம். முதல் தண்ணீருக்கு ஜூன் வரை காத்திருந்த வருடங்களும் உண்டு. காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் மனம் பதறும். அப்போதெல்லாம் துளைப்பானை இறக்கிப் பார்ப்பேன். நிற்கும் மரங்களுக்கடியில் புது வேர்கள் வெள்ளையாக, ஈரத்தைத் தேடிக் கீழே போய்க்கொண்டிருக்கும்.