மீன்தொட்டி நடத்திய வைரஸ் பாடம்

"சாயத்தண்ணிதான் டீச்சர். வேற என்ன?"

திங்கட்கிழமை காலை எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். வகுப்பறை மூலையில் இருந்த மீன்தொட்டியில் கடைசிக் கோய் மீனும் செத்து மிதந்தது. பின்வரிசையில் ஒரு மாணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்பவர். இரண்டு பேர் அவனைத் திரும்பிப் பார்த்ததை நானும் கவனித்தேன்.

வேலம்பாளையத்துப் பிள்ளைகள் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பயன்படாமல் சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. இவையெல்லாம் அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த கதைகள். ஆனால் ஊரின் பழைய அனுபவம் இந்தத் தொட்டிக்குச் சான்றாகிவிடாது. அன்று நடத்தவிருந்த பாடத்தை ஒதுக்கிவிட்டு, "சாயத்தண்ணி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். நுண்ணுயிரிகள் பாடத்தில் வைரஸை நான் இதுவரை நடத்தியதில் சிறந்த வகுப்பு அந்தக் கேள்வியில் தொடங்கியது.

மூன்று கேள்விகள்

கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினேன்.

ஒன்று, எவை செத்தன? தொட்டியில் ஐந்து கோய் மீன்களும் எட்டுக் கப்பி மீன்களும் இருந்தன. கோய் ஐந்தும் செத்துவிட்டன. கப்பி எட்டும் உயிரோடு இருந்தன. நஞ்சு கலந்தாலோ உயிர்வளி குறைந்தாலோ பொதுவாகப் பலவகை மீன்களும் சேர்ந்து பாதிக்கப்படும். ஒரே இனம் மட்டும் சாகும்போது நோயைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு, எவ்வளவு வேகத்தில் செத்தன? உயிர்வளிக் குறைவால் ஏற்படும் சாவு பெரும்பாலும் விடியற்காலையில் நிகழும். இரவில் ஒளிச்சேர்க்கை நடக்காது; நீரில் உள்ள எல்லா உயிர்களும் சுவாசித்துக்கொண்டே இருக்கும். அதனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எங்கள் கோய் மீன்களோ தொட்டியின் அடியில் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்தன. முதலில் ஒன்று, இரண்டு நாள் கழித்து இரண்டு, பிறகு மற்றவை என்று செத்தன.

மூன்று, புதிதாக வந்தது எது? தண்ணீர் மாறவில்லை. வழக்கம்போலக் குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் வைத்திருந்துதான் ஊற்றினோம். ஆனால் பத்து நாளுக்கு முன் ஒரு மாணவி கடையிலிருந்து இரண்டு கோய் மீன்கள் வாங்கி வந்திருந்தாள். முதலில் செத்தது அவற்றில் ஒன்று.

மூன்று விடைகளையும் சேர்த்துப் பார்த்தபோது பின்வரிசை மாணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனால் மீன் வாங்கி வந்த மாணவியின் முகம் வாடிவிட்டது. எனவே இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது: "நமக்குக் கிடைத்திருப்பது சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்தார்களே, அதுபோல மீனின் செவுளையும் உள்ளுறுப்பையும் ஆய்வகத்தில் பி.சி.ஆர். சோதனை செய்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அது வைரஸாகவே இருந்தாலும், மீன் வாங்கியது யாருடைய குற்றமும் இல்லை."

நம் நாட்டில் கண்டறியப்பட்டவை

அடுத்த வகுப்பில் உண்மை நிகழ்வுகளைச் சொன்னேன். இந்தியாவில் கூட்டமாக இறந்த கோய் மீன்களிலிருந்து ரானா வைரஸைத் தமிழ்நாட்டு மீன்வள ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். அந்த ஆய்வு 2015இல் வெளியானது. கோய் மீன்களைத் தூங்குவதுபோல அடியில் படுக்க வைக்கும் இன்னொரு வைரஸ் நோய் 1970களில் ஜப்பானில் அறியப்பட்டது. பின்னர் இந்தியாவிலும் பதிவானது. நம் சந்தையில் விற்கும் ஜிலேபி மீனைத் தாக்கும் திலாப்பியா ஏரி வைரஸ், இஸ்ரேலில் 2009 முதல் நிகழ்ந்த மீன் சாவுகளை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டு 2014இல் விவரிக்கப்பட்டது. 2018இல் மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் அது பதிவானது.

இவற்றில் ரானா வைரஸ் நம் பாடத்துக்கு மிகப் பொருத்தமானது. 'ரானா' என்பது தவளையின் பேரினப் பெயர். 1960களில் அமெரிக்காவில் தவளைகளிலிருந்து முதலில் பிரிக்கப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது. இந்த வைரஸ் குழு மீன்கள், இருவாழ்விகள், ஊர்வன என்ற மூன்று வகுப்புகளையும் தாக்கக்கூடியது. பொதுவாக ஒரு வைரஸ் தனக்குரிய சில விருந்தோம்பிகளை மட்டுமே தாக்கும் என்று கற்பிக்கிறோம். அந்த விதிக்கும் எல்லை உண்டு என்பதற்கு இது எடுத்துக்காட்டு. ஆகவே முதல் கேள்வியின் விடையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

"அப்போ மீன் சாப்பிட்டா நமக்கு வருமா டீச்சர்?" என்ற கேள்வி உடனே வந்தது. ரானா வைரஸும் திலாப்பியா வைரஸும் மனிதரைத் தாக்குவதில்லை. ரானா வைரஸ் ஏறத்தாழ 12 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை நன்கு பெருகும். நம் உடல் வெப்பநிலை 37 டிகிரி. மீன், தவளை, பாம்பு ஆகியவை குளிர் இரத்த விலங்குகள். சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தே அவற்றின் உடல்வெப்பம் அமையும். அதனால் அவற்றின் நோய்களும் பருவத்தோடு கூடிக் குறையும். வைரஸ் தொற்றிய கெண்டை மீன்கள் வெதுவெதுப்பான நீரைத் தேடிச் செல்வதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். நமக்கு உடலுக்குள் வரும் காய்ச்சலை மீன் வெளியே தேடிப் போகிறது என்றதும் வகுப்பு சிரித்தது. அந்தக் கருத்து மறக்கவும் இல்லை.

எல்லா நோயும் வைரஸ் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1988இல் இந்தியாவுக்குள் பரவிய மீன் புண்நோயில் தொடக்கத்தில் வைரஸ்மீதும் சந்தேகம் எழுந்தது. உண்மைக் காரணி பூஞ்சை போன்ற ஒரு நீர் நுண்ணுயிரி என்று பிறகு தெளிவானது. உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை.

வடிகஞ்சிச் செயல்பாடு

நோய் எப்படி நகர்கிறது என்பதைக் காட்ட ஐந்து டம்ளர்கள், வடிகஞ்சி, அயோடின் கரைசல், பனியன் துணித் துண்டுகள் போதும். துணித் துண்டுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

முதல் டம்ளரில் வடிகஞ்சியும் மற்ற நான்கில் தண்ணீரும் வையுங்கள். துணித் துண்டு ஒன்றை மீன்வலையாகக் கொண்டு, முதல் டம்ளரில் நனைத்து இரண்டாவதில் அலசி, பிறகு மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாக நனைக்கச் சொல்லுங்கள். இப்போது ஒவ்வொரு டம்ளரிலும் இரண்டு சொட்டு அயோடின் விடுங்கள். தெளிவாகத் தெரிந்த தண்ணீரும் நீலமாகும். வரிசையில் போகப்போக நிறம் மங்கும். அடுத்து, டம்ளருக்கு ஒரு தனித் துணி வைத்து மீண்டும் செய்யுங்கள். முதல் டம்ளர் மட்டுமே நீலமாகும்.

தொடக்கநிலை வகுப்புகளில் இதை ஆசிரியரே செய்து காட்டி, "வலை எங்கெங்கே போனது?" என்று மட்டும் கேட்டால் போதும். அயோடினைக் குழந்தைகள் கையில் தர வேண்டாம்.

நான் திருத்திக்கொண்டது

செயல்பாடு முடிந்ததும் ஒரு மாணவன், "மிச்சம் இருக்குற தண்ணியையும் கப்பியையும் குளத்துல விட்டுரலாமா டீச்சர்?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. முந்தைய ஆண்டு கோடை விடுமுறைக்கு முன் தொட்டி மீன்களைக் குளத்தில் விடச் சொன்னவள் நான்தான். உயிர்மேல் கருணை என்று நினைத்துச் செய்தேன். அந்தக் குளத்தில் தவளை உண்டு, தண்ணீர்ப்பாம்பு உண்டு, ஊரார் பிடித்துச் சாப்பிடும் ஜிலேபியும் உண்டு. ஐந்து டம்ளர்களைப் பார்த்த பிறகு அந்தச் செயலுக்கு என்ன பொருள் என்பதை வகுப்பின் முன் நானே சொன்னேன்.

பிறகு நாங்கள் வகுத்த விதிகள் இவை: புதிய மீனை இரண்டு, மூன்று வாரம் தனித்தொட்டியில் வைப்போம். தொட்டிக்கு ஒரு தனி வலை. இறந்த மீனை ஆழக் குழிதோண்டிப் புதைப்போம். தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து, நீர்நிலைக்குப் போகாத இடத்தில் கொட்டுவோம். வலையையும் வாளியையும் அதே கரைசலில் ஊறவைத்து அலசி வெயிலில் காயவைப்போம். தொட்டியில் வளர்ந்த எந்த உயிரையும் குளத்தில் விடமாட்டோம். குளத்திலோ பண்ணையிலோ மீன்கள் கூட்டமாகச் செத்தால் மீன்வளத்துறைக்குத் தெரிவிப்போம். 2023 முதல் இதற்கென ஒன்றிய அரசின் மீன்நோய் அறிக்கைச் செயலியும் உள்ளது.

மறுவாரம் தொட்டிக்கு அருகே ஒரு பதிவேடு வைத்தோம். தேதி, நீரின் வெப்பநிலை, மீன்களின் எண்ணிக்கை, புதிதாக வந்தது என நான்கு கட்டங்கள். அதை எழுதும் பொறுப்பை, கோய் வாங்கி வந்த மாணவியும் பின்வரிசை மாணவனும் தாங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.