எண்ணி அழைத்துப்போ, எண்ணித் திருப்பிக் கொண்டுவா



2018-ம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதியை நம் ஊர் மறக்கவில்லை. தபசுகாலத்து நான்காம் ஞாயிறு அது. போடிக்கு மேலேயுள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேற்றத்துக்கு வந்த இரு கூட்டத்தார் அதில் அகப்பட்டார்கள். 23 பேர் மாண்டார்கள். அனுமதியில்லாத பாதையில் போனதாக வனத்துறை சொல்லிற்று. அதுல்ய மிஸ்ரா என்னும் அதிகாரியைக் கொண்டு அரசாங்கம் விசாரணை நடத்திற்று.

மாண்டவர்களையோ அழைத்து வந்தவர்களையோ தீர்ப்பிடுவது நம் வேலையன்று. இறந்தோரின் ஆத்துமாக்களுக்காக மன்றாடுவோம். ஆயினும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

கோடையில் காய்ந்த புல்சரிவிலே, நெருப்பு மனிதன் ஓடுவதைவிட விரைவாய் மேலே ஏறும். வெளியூரார் இதை அறியார்கள். முன்னே நடப்பவன் அறிவான் என்று நம்பிப் பின்னே வருகிறார்கள். அந்த நம்பிக்கை முன்னே நடப்பவன்மேல் ஏறிய கடன். அதற்கு அவன் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இது மலையேற்றக்காரருக்கு மட்டுமா? விடியுமுன் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநரே, "இன்னும் இரண்டு பேர் ஏறட்டும்" என்கிறீரே, போடிமெட்டு வளைவுகளில் அத்தனை உயிருக்கும் பொறுப்பாளி யார்? கூலியாட்களை நடத்தும் கங்காணியே, மருந்தடித்த செடிகளுக்குள் அவர்களை உடனே அனுப்புகிறீரா? குடும்பத் தலைவரே, உமது பிள்ளைகள் உமது சொல்லையா, நடையையா பின்பற்றுகிறார்கள்? குருவானவனாகிய எனக்கும் இக்கேள்வி உண்டு.

தலைவனுடைய குணம் முன்னேறும்போது தெரியாது. "திரும்பிவிடுவோம்" என்று சொல்ல வேண்டிய வேளையில்தான் தெரியும். அப்போது பணம் போகும், பேர் போகும், பின்னே நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் உயிர் நிற்கும்.

நல்ல ஆயனின் உவமையை நினையுங்கள். நூறில் ஒன்று குறைந்தது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? அவன் ஆடுகளை எண்ணிப் பார்த்திருந்தான்.

ஆகையால் இன்றிரவு ஆத்தும சோதனையில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என்னை நம்பி நடப்பவர்கள் யார் யார்? அழைத்துப்போகும் வழியை நான் மெய்யாகவே அறிவேனா? தவறினால், பிறர்மேல் பழி போடாமல் "என் பிழை" என்பேனா?

ஒவ்வொருவருடைய பேரையும் சொல்லி, அவர்களுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுப் படுங்கள்.

உங்கள் பங்குக் குருவானவர்