ஒரு நிமிஷம் முழுதாக எண்ணு

அன்பு மருமகளே,

துணை சுகாதார நிலையத்தில் சேர்ந்த கையோடு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. "காய்ச்சலும் இருமலுமாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் அத்தை. வெறும் சளியா, நிமோனியாவா, டெங்குவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்டெதஸ்கோப் வைத்தால் எனக்கு எல்லா நெஞ்சும் ஒரே மாதிரிதான் கேட்கிறது" என்று கேட்டிருக்கிறாய். நோயின் பெயரை டாக்டர் சொல்லட்டும். நீ சொல்ல வேண்டியது, இந்தப் பிள்ளை இன்று ராத்திரி வீட்டில் இருக்கலாமா கூடாதா என்பதை. அதற்குக் கண்ணும் கடிகாரமும் போதும்; ஆனால் பொறுமை நிறைய வேண்டும்.

முதலில் நான்கைப் பார்த்துவிடு. பாலோ தண்ணீரோ குடிக்க முடியாத பிள்ளை, உள்ளே போனதெல்லாம் வாந்தியாக வருகிற பிள்ளை, இந்தக் காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளை, தட்டி எழுப்பினாலும் துவண்டு கிடக்கிற பிள்ளை. இதில் ஒன்று இருந்தாலும் 108க்குப் போன் போடு. வேறு ஆராய்ச்சி எதுவும் அப்போது வேண்டாம்.

இல்லையென்றால் மூச்சை எண்ணு. பிள்ளை தாயின் மடியிலேயே இருக்கட்டும். மேஜையில் கிடத்தினால் அழும், அழுதால் எண்ணிக்கை பாழ். பால் குடித்துக்கொண்டிருந்தால் முடிகிறவரை காத்திரு. சட்டையை மேலே தூக்கச் சொல்லி, நெஞ்சும் வயிறும் சேருகிற இடத்தில் கண்ணை வை. ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக 60 செகண்டு எண்ணு. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்யாதே. சின்னப் பிள்ளையின் மூச்சு சீராக ஓடாது, கொஞ்சம் விரைந்து கொஞ்சம் நின்று போகும். இரண்டு மாதத்துக்குள் 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலே அது வேக மூச்சுதான். பச்சைக் குழந்தைக்கு 60 வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி எண்ணு. மறுபடியும் 60ஐத் தொட்டால் அனுப்பிவிடு.

இந்த எண்கள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று யாராவது கேட்டால் வேலூரைச் சொல். பப்புவா நியூகினியில் பிராங்க் ஷானும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1984இல் மூச்சு எண்ணிக்கையைப் பற்றி எழுதினார்கள். அதன்பின் வேலூர் சிஎம்சியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலானவர்கள் நம் பிள்ளைகளிடமே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 40 தாண்டினால் நுரையீரலில் தொற்று இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். எக்ஸ்ரே இல்லாத ஊரில் நர்ஸ் ஒருத்தி நிமோனியாவைப் பிடிக்கலாம் என்ற தைரியம் அங்கிருந்தும் வந்ததுதான். அந்த வேலை மேல் எனக்கு அப்படி ஒரு மரியாதை.

எண்ணும்போதே விலாவையும் பார். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிய வேண்டும். அந்த நேரத்தில் கீழ் விலா உள்ளே குழிந்தால் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் பிள்ளையை அனுப்பு.

உன் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. உப்பளத்துக்குப் போகிற தாய் விடியுமுன்னே கிளம்பிவிடுவாள். தகப்பன் நாள்கணக்கில் தங்குகடல் மீன்பிடிப்புக்குப் போயிருப்பான். பிள்ளையைத் தூக்கி வருவது ஆச்சியாக இருக்கும், இல்லை பக்கத்து வீட்டுக்காரி. ராத்திரி பிள்ளை எப்படி இருந்தது, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனது என்பதெல்லாம் தாய்க்குத்தான் தெரியும். அளத்துக்குப் போன் போட்டு அவளிடமே கேள். "நேத்து மாதிரி இல்ல நர்சம்மா, ஒரு மாதிரி இருக்கான்" என்று அவள் சொன்னால், உன் கண்ணுக்கு ஒன்றும் படாவிட்டாலும் பிள்ளையை உடனே விட்டுவிடாதே. ஒரு மணி நேரம் அங்கேயே உட்காரவைத்து மறுபடி பார்.

ஆச்சிமார் மாந்தம் என்பார்கள், தோஷம் என்பார்கள், குடலேற்றம் என்பார்கள், தொக்கம் விழுந்திருக்கிறது என்பார்கள். சிரிக்காதே, சண்டைக்கும் போகாதே. "என்ன பாத்தீங்க ஆச்சி?" என்று கேள். உச்சிக்குழி விழுந்திருக்கிறது என்று ஒரு கிழவி சொன்னால் அது உண்மை. பிள்ளையின் உடம்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றைத் தேய்ப்பதை மட்டும் நிறுத்து. ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளை விட்டுவிட்டுக் கதறி, காலை வயிற்றோடு மடக்கி, இடையில் வெளுத்துச் சோர்ந்து, ரத்தமும் சளியும் கலந்து மலம் போனால், குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். அது அறுவைச் சிகிச்சை வார்டு இருக்கிற பெரியாஸ்பத்திரிக்கு அன்றைக்கே போக வேண்டிய பிள்ளை.

பேதிக்கு உச்சிக்குழியோடு கண்ணையும் தோலையும் பார். தொப்புளுக்கும் விலாப்புறத்துக்கும் நடுவே தோலைக் கிள்ளித் தூக்கிவிடு. படிய இரண்டு செகண்டுக்கு மேல் ஆனால் நிலைமை மோசம். சவலைப் பிள்ளையிடம் இந்தச் சோதனை ஏமாற்றும். முத்துக்குளிப்புக்காக இந்தக் கரையில் ஆயிரக்கணக்கில் கூடிய காலத்தில் காலராவுக்குப் பயந்தார்கள். 1971இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் அதே காலரா பரவி, சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, நூற்றுக்கு 30 போல் இருந்த சாவை 4க்கும் கீழே கொண்டுவந்தார். அந்த வழியில் வந்த கரைசல்தான் உன் அலமாரியில் பாக்கெட்டாக இருக்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரிலேதான் கலக்க வேண்டும். வீட்டில் டம்ளருக்குக் கொஞ்சம் என்று கொட்டுவார்கள். உப்பு கூடிப் பிள்ளைக்கு ஆபத்தாகும். ஒரு லிட்டர் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, உன் கண் முன்னால் தாயையே கலக்க வை. துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி நின்ற பிறகும் தொடர வேண்டும்.

டெங்குவில் தாய்மார் தவறவிடுவது காய்ச்சல் விடுகிற நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிரும். வீட்டில் நிம்மதி வரும். கடற்கரையில் விளையாட விட்டுவிடுவார்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அந்த நேரத்தில்தான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சில்லிட்ட கைகால், ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமை, இதில் எது இருந்தாலும் வார்டுக்கு அனுப்பு. பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து கடையில் வாங்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். லாரித் தண்ணீரைப் பிடித்து டிரம்மிலும் தொட்டியிலும் வைக்காமல் இங்கே யாரும் குடும்பம் நடத்த முடியாது. அதனால் தண்ணீர் சேர்த்து வைக்காதே என்று திட்டிப் பயனில்லை. வாரம் ஒருநாள் டிரம்மைத் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடச் சொல்.

எல்லாரும் பாராட்டுகிற ஒரு பிள்ளையைப் பற்றியும் எழுத வேண்டும். "எங்க புள்ள ரொம்பச் சமத்து, அழவே அழாது" என்பார்கள். எழுப்பி எழுப்பிப் பால் கொடுக்க வேண்டியிருக்கும். மலச்சிக்கல், தடித்த நாக்கு, கரகரத்த அழுகை, தொப்புள் பிதுக்கம், விடாத மஞ்சள் காமாலை. இவற்றைப் பார்த்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பு. சுரப்பியே சரியாக உருவாகாத பிள்ளையும் உண்டு, தாய்க்கு அயோடின் போதாமல் பாதிக்கப்பட்ட பிள்ளையும் உண்டு. முதல் இரண்டு வாரத்தில் தைராக்சின் தொடங்கிவிட்டால் மூளை தப்பும். மாதங்கள் போனால் போனதுதான். உப்பு விளைவிக்கிற மாவட்டம் நம்முடையது. ஆனாலும் 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் கலந்த உப்பைச் சமையலுக்குப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு, நூற்றுக்கு 62 அளவில். அளத்து வேலைக்காரர் வீட்டில் அயோடின் சேர்க்காத அம்பாரத்து உப்புதான் குழம்புக்குப் போகும். கர்ப்பிணியைப் பார்க்கப் போகும்போது இரும்புச்சத்து மாத்திரையைக் கேட்பதுபோல உப்பு டப்பாவையும் காட்டச் சொல்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள், வாயில் ஸ்பூன் வைப்பார்கள். எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பார். ஐந்து நிமிஷம் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

அனுப்பும்போது சீட்டில் "காய்ச்சல், இருமல்" என்று மட்டும் எழுதாதே. "8 மாதம், மூச்சு 62, விலா குழிகிறது, காலை 10.20, கடைசியாகப் பால் 6 மணிக்கு" என்று எழுது. வார்டில் அடுத்து எண்ணுகிறவருக்கு அந்த 62 ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். வீட்டுக்கே அனுப்பிய பிள்ளைகளின் பட்டியல் தனியாக வை. இரண்டாம் நாள் நீயே போய்ச் சட்டையைத் தூக்கி மறுபடி எண்ணு. தாய் அளத்திலிருந்து திரும்பியபின் போனால் அவளுக்கும் எண்ணக் காட்டிக்கொடுக்கலாம்.

அன்புடன்,
அத்தை