எட்டுப் பேர் சரி, அறைக்குள் எத்தனை பேர்?

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம் ஆகிறது. பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு டே கேர்களைப் பார்த்துவிட்டு வந்தோம். அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெரியது. ஏசி, சிசிடிவி எல்லாம் உண்டு. 30 குழந்தைகள், 8 பணியாளர்கள் என்றார்கள். இன்னொன்று எங்கள் தெருவிலேயே, ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில். அங்கே 6 குழந்தைகள், 2 பேர் பார்த்துக்கொள்கிறார்கள், கட்டணம் அதிகம். பெரிய இடம்தான் பாதுகாப்பு என்கிறார் கணவர். மாமியாரோ, "எங்க காலத்துல ஒரே வீட்டுல பத்துப் புள்ளைங்க வளரலையா? இதுக்கெல்லாமா கணக்குப் பார்ப்பாங்க?" என்கிறார். எத்தனை குழந்தைக்கு ஒருவர் என்பது அவ்வளவு முக்கியமா?
(வாசகி, பெருங்குடி, சென்னை)

பதில்: முக்கியம்தான். உங்கள் மகன் வயதில் ஏசியையும் சிசிடிவியையும்விட முக்கியம்.

மாமியார் சொல்லும் வீட்டில் பத்துப் பிள்ளைகள் இருந்திருக்கலாம். பத்தும் ஏழு மாதக் கைக்குழந்தைகள் இல்லையே. மூத்தவளுக்குப் பதினைந்து வயது இருக்கும், கடைக்குட்டி அவள் இடுப்பில் இருக்கும். போதாததற்குப் பாட்டி, அத்தை, சித்தி. கைக்குழந்தை ஒன்று, தூக்க நாலு பேர். எவ்வளவு பணம் கட்டினாலும் அந்த விகிதம் எந்த டே கேரிலும் கிடைக்காது.

கணக்கு என்றாரே, அதையே போட்டுப் பார்ப்போம். காப்பகத்தில் எட்டு மணி நேரம் இருக்கும் கைக்குழந்தைக்கு மூன்று வேளை பாலோ கூழோ ஊட்ட வேண்டும். வேளைக்கு 20 நிமிடம். டயப்பர் ஐந்து முறை, கை கழுவுவதையும் சேர்த்தால் தடவைக்கு 6 நிமிடம். இரண்டு முறை தூங்கவைக்க அரை மணி. மொத்தம் இரண்டு மணி நேரம். நான்கு குழந்தைகள் என்றால் ஓர் ஆயாவின் எட்டு மணி நேரமும் சரியாகப் போய்விடும். பத்துக் குழந்தைகள் என்றால் எட்டு மணி நேரத்துக்குள் இருபது மணி நேர வேலை.

அப்போது எது விட்டுப்போகும்? முதலில் கை கழுவுவது. டயப்பர் மாற்றிய கையே அடுத்த குழந்தைக்கு ஊட்டும். ஒரு குழந்தையின் வயிற்றுப்போக்கு வாரத்துக்குள் அறை முழுக்கப் பரவும். அடுத்து, பால் புட்டியைத் தலையணையில் சாய்த்துக் குழந்தையின் வாயில் வைத்துவிடுவார்கள். புரையேறும் ஆபத்தும் காது நோய்த்தொற்றும் அதில் உண்டு. கடைசியாகப் பேச்சு நின்றுபோகும். குழந்தை 'ங்கா' என்றால் யாராவது முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். மொழியும் மனிதர்மேல் நம்பிக்கையும் அப்படித்தான் வருகின்றன. நல்ல மனசுள்ள ஆயாவாலும் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல முடியாது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

இங்கிலாந்தில் 2 வயதுக்குக் கீழ் 3 குழந்தைகளுக்கு ஒருவர். ஆஸ்திரேலியாவில் 4 குழந்தைகளுக்கு ஒருவர். இங்கிலாந்தில் 2 வயதுக் குழந்தைகளுக்கான வரம்பை 2023-ல் நான்கிலிருந்து ஐந்தாக்கியதற்கே எதிர்ப்புக் கிளம்பியது. நம் நாட்டில் 2013-ல் வந்த தேசியக் கொள்கை 3 வயதுக்குக் கீழ் 10 குழந்தைகளுக்கு ஒருவர் என்கிறது. எனக்கு அது போதாது என்றே படுகிறது. "அரசு சொன்ன அளவுக்குள்தான் இருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், அதைக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

இப்போது அந்த 8 பேருக்கு வருவோம். அதில் மேலாளர், வாட்ச்மேன், சமையல்காரர், துப்புரவுப் பணியாளர் உண்டா என்று கேளுங்கள். நான்கு பேரைக் கழித்தால், மிச்சம் நால்வருக்கு முப்பது குழந்தைகள். அந்த நால்வரும் மதியம் மாறி மாறிச் சாப்பிடப் போவார்கள். உங்களுக்கு வேண்டியது, மதியம் ஒன்றரைக்கும் மாலை ஆறுக்கும் கைக்குழந்தைகள் அறையில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. முன்கூட்டிச் சொல்லாமல் அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். உள்ளே விட மறுத்தால் அந்த இடம் வேண்டாம். சிசிடிவியை வாயிற்காவலுக்கு மேல் நம்ப வேண்டாம். அழும் குழந்தையை அது தூக்காது.

விகிதம் ஒன்றாக இருந்தாலும் 16 குழந்தைகளுக்கு 4 பேர் என்பதும் 8 குழந்தைகளுக்கு 2 பேர் என்பதும் ஒன்றல்ல. பெரிய கூடத்தில் சத்தம் அதிகம். ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர் இருந்துவிடுவார். அமெரிக்க அரசுக்காக நடத்தப்பட்டு 1979-ல் வெளியான தேசிய டே கேர் ஆய்வும் குழுவின் அளவு முக்கியம் என்றுதான் கண்டது.

கட்டண வித்தியாசத்துக்கும் காரணம் இதுவே. ஆயாவின் சம்பளம் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு குழந்தைகள் பகிர்ந்தால் தலைக்கு 4,000. பத்துப் பேர் பகிர்ந்தால் 1,600. சம்பளத்தைக் குறைத்தும் கட்டணத்தைக் குறைக்கலாம். அப்போது மாதாமாதம் ஆயா மாறுவார், குழந்தை புதுமுகம் பார்த்து அழும். இப்போதுள்ளவர்கள் எத்தனை காலமாக அங்கே வேலை செய்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

உங்கள் தெருவில் உள்ள இடம் கணக்குப்படி நல்லது. ஆனால் இரண்டே பேர் உள்ள இடத்தில் ஒருவர் லீவு போட்டால் ஆறு குழந்தைகளும் மற்றவர் தலையில். அன்று யார் வருவார், சமையலும் அந்த இருவர் பொறுப்புதானா, ஆறில் எத்தனை கைக்குழந்தைகள் என்று கேளுங்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால் அங்கேயே சேர்க்கலாம். பெரிய இடம் உங்கள் நிறுவனமே ஏற்பாடு செய்ததா என்பதையும் பாருங்கள். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்தது முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்வரலாம். தாய்ப்பால் கொடுப்பதாக இருந்தால் அது பெரிய வசதி. அப்படியானால், கைக்குழந்தைகள் அறைக்கு இன்னொரு ஆயா வேண்டும் என்று உங்கள் எச்ஆரிடம் மற்றத் தாய்மார்களையும் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள்.