பசி என்னும் அலை

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்தைப் போதிப்பது. ஆசனம், பார்வை, மன ஒருமைப்பாடு என்று படிப்படியாக விளக்கிவரும் பகவான், இடையே உணவையும் உறக்கத்தையும் பற்றிப் பேசத் தொடங்குகிறார். அளவுக்கு மீறி உண்பதையும் உணவை அறவே ஒதுக்குவதையும் அவர் ஒரே தட்டில் வைத்து, இரண்டையும் யோகத்திற்குத் தடை என்கிறார். உறக்கத்திற்கும் அதே அளவுகோல்தான்.

ஆன்ம ஞானத்தைக் கூறும் நூலில் வயிற்றைப் பற்றிய பேச்சு எதற்கு? பசியை வெல்வது மனவுறுதி ஒன்றினாலேயே ஆகும் காரியமானால், உறுதியுடன் இருக்கும்படி கூறி அவர் நிறுத்தியிருக்கலாம் அல்லவா? கடந்த முக்கால் நூற்றாண்டில் உடலியல் ஆய்வு கண்டறிந்துள்ள உண்மைகள் இந்தக் கேள்வியைத் தெளிவாகச் சிந்திக்க உதவுகின்றன.

'போதும்' என்று சொல்லும் தூதன்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற சிற்றூர் உள்ளது. அங்குள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் 1949ஆம் ஆண்டு, ஓயாமல் உண்டு மிகவும் பருத்துப்போகும் சுண்டெலி வகை ஒன்று தோன்றியது. 1960களில், அதே போன்று பருத்து, கடுமையான நீரிழிவுக்கும் ஆளாகும் இரண்டாவது வகை அங்கேயே காணப்பட்டது.

டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி இவற்றை ஆராய்ந்தார். இரண்டு எலிகளை அறுவை சிகிச்சையால் இணைத்து, ஒன்றின் இரத்தம் மற்றொன்றில் சிறிதளவு கலக்கும்படிச் செய்தார். நீரிழிவு எலியுடன் இணைக்கப்பட்ட சாதாரண எலி, கண்ணெதிரே உணவு இருந்தும் உண்ணாமல் பட்டினியால் இறந்தது. முதல் வகை எலியைச் சாதாரண எலியுடன் இணைத்தபோதோ, அந்தப் பருத்த எலி குறைவாக உண்ணத் தொடங்கியது. பருத்த எலிகள் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்தபோது முதல் வகை எலி பட்டினி கிடந்தது. நீரிழிவு எலி வழக்கம்போல் உண்டது.

கோல்மன் கண்ட முடிவு இதுதான்: 'போதும்' என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் தூதன் ஒருவன் இரத்தத்தில் இருக்கிறான். முதல் வகை எலியிடம் தூதனே இல்லை. இரண்டாம் வகை எலியிடம் தூதர்கள் ஏராளம். ஆனால் கேட்கும் செவி இல்லை.

பருமன் என்பது நடத்தையில் உள்ள குறை என்றே எண்ணியிருந்த பலர் இதனை ஏற்கத் தயங்கினர். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் எட்டு ஆண்டுகள் தேடி, 1994இல் அதற்குரிய மரபணுவைக் கண்டறிந்தார். அத்தூதனுக்கு லெப்டின் என்று பெயர் சூட்டப்பட்டது. 'மெலிந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. உடலின் கொழுப்பே இந்த ஹார்மோனைச் சுரந்து, சேமிப்பின் அளவை மூளைக்கு அறிவிக்கிறது.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ் இச்செய்தியைப் பெறுகிறது. உணவு நேரம் நெருங்குகையில் வயிற்றிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் எழுந்து பசியைத் தூண்டுகிறது. இதனை 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். உண்ட பின் குடலிலிருந்து எழும் ஹார்மோன்கள் நிறைவை உணர்த்துகின்றன. மனிதன் 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்வதற்கு முன்பே, அவனறியாமல் இத்தனை உரையாடல் நடந்து முடிந்துவிடுகிறது.

ஒரு சிறுமியின் பசி

இங்கிலாந்தில் மிகவும் பருத்திருந்த இரு குழந்தைகளின் உடலில் லெப்டின் பிறவியிலிருந்தே சுரக்கவில்லை என்பதை 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் கண்டறிந்தனர். அவர்களுள் ஒன்பது வயதுச் சிறுமியின் எடை 94 கிலோ. நாள்தோறும் அவளுக்கு லெப்டின் ஊசி போடப்பட்டது. அவள் உண்ணும் அளவு குறைந்தது. ஓராண்டில் எடை ஏறக்குறைய 16 கிலோ குறைந்தது. அவளுடைய மனவுறுதி ஒரே வாரத்தில் வளர்ந்துவிடவில்லை. இல்லாதிருந்த தூதன் வந்து சேர்ந்தான், அவ்வளவே.

இத்தகைய பிறவிக் குறை மிக மிக அரிது. பருத்தவர்களுள் பெரும்பாலோரிடம் லெப்டின் மிகுதியாகவே உள்ளது. மூளை அதற்குச் செவிசாய்ப்பதுதான் மந்தமாகிறது. ஆதலால் அவர்களுக்கு அந்த ஊசி பெரிதும் பயன்படவில்லை. எனினும் அச்சிறுமியின் வரலாறு ஓர் உண்மையை நிலைநாட்டியது: 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று பிறரை எளிதில் பழிப்பது அறியாமை.

பட்டினியும் கண்விழிப்பும்

மறுபுறத்தையும் காண வேண்டும். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சாட்சியின் பொருட்டுப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், போரினால் பட்டினியுற்ற மக்களுக்கு உதவும் எண்ணத்துடன் தாமே முன்வந்து ஆறு மாத காலம் அரைப்பட்டினி ஏற்றனர். அவர்களது எடை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அதைவிடக் கவனிக்கத் தக்கது அவர்களின் மனநிலை. எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. பேச்சிலும் கனவிலும் உணவே நிறைந்தது. சமையல் நூல்களை விரும்பிப் படித்தவர்களும் உண்டு. உயர்ந்த இலட்சியத்திற்காக உடலை வருத்திய அவர்களின் மனம் உணவையே சுற்றிவந்தது. தவத்தின் பெயரால் உடலை வாட்டும் சாதகன் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

உறக்கத்தைக் கீதை உணவுடன் சேர்த்துக் கூறியதன் பொருத்தமும் கவனிக்கத் தக்கது. 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற ஒரு சிறிய ஆய்வில், 12 இளைஞர்கள் தொடர்ந்து இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே உறங்க அனுமதிக்கப்பட்டனர். நீண்ட நேரம் உறங்கிய இரவுகளுடன் ஒப்பிடுகையில், அவர்களின் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது, பசியுணர்வும் மிகுந்தது. இரவில் கண்விழிப்பவன் மறுநாள் தன் நாவோடு போராட நேர்வதில் வியப்பில்லை.

அலையும் கடலும்

இவற்றைக் கொண்டு, விஞ்ஞானம் கீதையை நிரூபித்துவிட்டது என்று முழங்குவது பொருந்தாது. விஞ்ஞானம் உடலை ஆராய்கிறது. கீதை உடலுக்கு உடையவனை நாடுகிறது. ஆயினும் வேதாந்தம் வகுத்த ஒரு பாகுபாடு இங்கே பெரிதும் பயன்படுகிறது. பசி, தாகம், சோகம், மோகம், மூப்பு, மரணம் ஆகிய ஆறையும் அது அலைகள் என்று அழைக்கிறது. இவற்றுள் பசியும் தாகமும் பிராணனைச் சார்ந்தவை. சோகமும் மோகமும் மனத்தைச் சார்ந்தவை. மூப்பும் மரணமும் உடலைச் சார்ந்தவை. ஆன்மாவை இவை தீண்டுவதில்லை.

பசி பிராணனின் இயல்பு என்றால், அது பாவமும் அன்று, ஒழுக்கக் குறையும் அன்று. அதே வேளையில், பசிப்பவன் அந்தப் பசியே அல்லன், அதனை அறிபவன். முதல் உண்மையை மறந்தவன் உடலைப் பகைவனாக எண்ணி வதைக்கிறான். இரண்டாம் உண்மையை மறந்தவன் உடலின் ஒவ்வோர் அழைப்பிற்கும் அடிமையாகிறான். யோகம் இவ்விரண்டிற்கும் இடையே உள்ள பாதை.

சாதகனுக்கான பாடம்

முதலாவதாக, நேரம் தவறாத உணவும் போதிய உறக்கமும் சாதனையின் அங்கங்களே. உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு உணவில் கட்டுப்பாட்டை நாடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவதாக, நிறைவின் செய்தி மூளையை அடையச் சிறிது நேரம் வேண்டும். உணவை இறைவனுக்கு நிவேதித்து, அமைதியாக, மென்று உண்பவன் அச்செய்திக்குக் காத்திருக்கிறான். விரைந்து உண்பவன் தூதன் வருமுன்பே தட்டைக் காலிசெய்துவிடுகிறான். திருக்குறளில் 'மருந்து' என்று பெயர் பெற்ற அதிகாரத்தின் பெரும்பகுதி உண்ணும் முறையையே கூறுவது சிந்திக்கத் தக்கது.

மூன்றாவதாக, விரதம் அவரவர் உடல்நிலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் ஏகாதசி உபவாசம் இருப்பது ஆபத்தானது. குடல் ஹார்மோனைப் போலச் செயல்படும் செமாகுளூடைடு போன்ற மருந்துகள் இன்று பருமனுக்கும் அளிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 2021இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. மருத்துவரின் அறிவுரைப்படி அத்தகைய சிகிச்சை பெறுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இறுதியாக, உணவைக் கட்டுப்படுத்த முயன்று பலமுறை தோற்றவர் தம்மை இழிவாக எண்ண வேண்டியதில்லை. அவரைப் பிறர் இழிவாகப் பேசும் உரிமையும் இல்லை. ஒவ்வோர் உடலிலும் பசியின் அலை ஒரே உயரத்தில் எழுவதில்லை. தன்னுள் எழும் அலையைச் சாட்சியாக நின்று நோக்கவும், பிறரை அலைக்கழிக்கும் அலையைக் கருணையுடன் நோக்கவும் கற்றவனுக்கு உணவு வேளையும் தியான வேளையாகிறது.