கடலோரக் கல்விநகர் செயின்ட் ஆன்ட்ரூஸ்



ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், வட கடலை நோக்கி நிற்கும் சிறு நகர் செயின்ட் ஆன்ட்ரூஸ். நம் முன்னோர் பெலவேந்திரர் என்று அழைத்த திருத்தூதர் அந்திரேயாவின் பெயரே இதற்கு இடப்பட்டுள்ளது. அவருடைய திருப்பண்டங்கள் கிரேக்க நாட்டிலிருந்து இங்கு வந்தன என்பது மரபு. நாமும் மனக்கண்ணால் இந்நகரைச் சுற்றி வருவோமா?

முதலில் பேராலயத்தைக் காண்போம். 1318-இல் அரசர் இராபர்ட் புரூஸ் முன்னிலையில் அபிஷேகம் செய்யப்பட்ட இவ்வாலயம், ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட ஆலயங்களுள் மிகப் பெரியது. 1559-இல் சமயக் கலகத்தில் சூறையாடப்பட்டது. இன்று இடிந்த சுவர்களே எஞ்சியுள்ளன. அருகே 33 மீட்டர் உயரமுள்ள புனித ரூல் கோபுரம் நிற்கிறது. அதன் படிகளில் ஏறினால் கடலும் ஊரும் ஒருசேரத் தெரியும்.

அடுத்து, பல்கலைக்கழகம். ஆயர் ஹென்றி வார்ட்லா தொடங்கிய இதற்கு, ஸ்காட்லாந்து அந்நாளில் திருத்தந்தையாக ஏற்றிருந்த 13-ஆம் பெனடிக்ட் 1413-இல் அங்கீகாரம் அளித்தார். ஸ்காட்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் இதுவே. சிவப்பு மேலங்கி அணிந்த மாணவர், ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் துறைமுகப் பாலத்தில் நடந்து செல்வது இவ்வூர் வழக்கம்.

இத்தகைய கலைக்கோயிலில் பெண்களுக்கு இடம் இருந்ததா? 450 ஆண்டுகளுக்கு மேலாக இல்லை! 1862-இல் எலிசபெத் காரெட் என்ற பெண் மருத்துவம் பயில இங்கே பதிவுச் சீட்டுப் பெற்றார். பெண் என்பதால் பல்கலைக்கழகம் அதைச் செல்லாததாக்கியது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1865-இல் இலண்டனில் மருத்துவராகும் தகுதியையும், 1870-இல் பாரிஸில் மருத்துவப் பட்டத்தையும் பெற்றார்.

1877-இல் இதே பல்கலைக்கழகம், பெண்கள் தத்தம் ஊரிலிருந்தே படித்துத் தேர்வெழுதும் எல்.எல்.ஏ. என்ற திட்டத்தைத் தொடங்கியது. 5,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் தேறினர். பட்டம் இல்லாவிடினும் படித்தார்கள்; பெண்களால் இயலும் என்று காட்டினார்கள். 1892-இல் கதவு முழுமையாகத் திறந்தது. 1895-இல் ஆக்னஸ் பிளாக்கேடர் இங்கு எம்.ஏ. பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஆனார். பின்னர் மருத்துவரான அவர், முதல் உலகப் போரின்போது பிரான்சில் பழைய துறவு மடம் ஒன்றில் அமைந்த மருத்துவமனையில் எக்ஸ்-கதிர்ப் பணி ஆற்றினார். 1896-இல் மாணவியருக்கென விடுதியும் எழுந்தது. 2009-இல் லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற கத்தோலிக்கப் பெண்மணி பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையே ஏற்றார்.

மாணவியரே, கல்லால் எழுந்த பேராலயம் இடிந்து கிடக்கிறது. அந்தப் பெண்கள் தேடிய கல்வியோ இன்று நம் கைக்கு எட்டியிருக்கிறது. நாள்தோறும் நாம் திறக்கும் பாடநூல், அவர்களில் பலர் ஏங்கிப் பெற்ற செல்வம். அதன் அருமை உணர்ந்து கற்போமாக!